212 கல்யாணமும் நாலு ஜாங்கிரியும்

ஜூன் பத்தாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு அப்துல் சலாமின் பழைய கம்ப்யூட்டருக்குள் 212 கல்யாணங்கள் இருந்தன. எல்லாமே அவர் எடுத்த வீடியோக்கள். எல்லாவற்றுக்கும் அவர்தான் காவல்.

ஓசூர் சிப்காட்டில் பதினோரு வருஷம் மெஷின் ரிப்பேர் பார்த்துவிட்டு, பாகலூர் ரோட்டில் ஸ்டுடியோ போட்டவர் சலாம். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு பென்டிரைவில் கொடுத்தால் மூன்றே மாதத்தில் தொலைத்துவிட்டு வந்து நின்றார்கள். இலவச வீடியோ தளத்தில் ஏற்றினால், பின்னணியில் சினிமாப் பாட்டு இருக்கிறது என்று முகூர்த்தத்தையே ஊமையாக்கினார்கள். கடுப்பான சலாம் பழைய கம்ப்யூட்டரையே சொந்த சர்வராக்கி, அவரவர் வீட்டிலிருந்தே பார்க்கும்படி வைத்தார். வீடியோ ஓட்டும் மென்பொருள் ஒரு கன்டெய்னரில் இருந்தது. தனக்கு வேண்டியதையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்ட மூடிய பெட்டி மாதிரி. அது விழுந்தால் பத்து நொடியில் தூக்கி நிறுத்த, காவலுக்கு இன்னொரு கன்டெய்னர். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், கேமராவும் கையுமாக மண்டபத்தில் நிற்கிற மனுஷன் வேறென்ன செய்வார்?

அந்த மதியம் மாம்பழப் பையோடு எல்லப்பன் வந்தார். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருப்பவர். மூன்று வருஷமாகச் சர்க்கரை.

“பாய், மச்சான் மக கல்யாண வீடியோவுல பந்தி வருதே, அதுல என்னை மட்டும் வெட்டிடுங்க.”

“பந்தியில ஒரு முகம் விட்டுப்போனாலும் பொண்ணு வீட்டுக்காரங்க என்னை வெட்டிடுவாங்கண்ணா. என்ன ஆச்சு?”

“நாலு ஜாங்கிரி தின்னுட்டேன். வீட்ல மோர் சாதம்னு சொல்லியிருக்கேன்.”

சலாமுக்கு ஞாபகம் வந்தது. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவரேதான் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோனார். ஸ்லோ மோஷன் வேறு.

எல்லப்பனின் மனைவி பூவம்மாள் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த வீடியோவைப் பார்ப்பார். நேற்று தாலி கட்டியதோடு நிறுத்தியிருந்தார். இன்றைக்குப் பந்தி. பார்த்துவிட்டால் மாம்பழ அறைச் சாவி அவர் இடுப்புக்குப் போய்விடும். இந்த சீசன் முழுக்க சொந்தத் தோப்புப் பழம் ஒன்றுகூட எல்லப்பன் நாக்கில் படாது.

“ரெண்டு வாரம் நிறுத்தி வைங்க பாய். அதுக்குள்ள அவ தம்பி பேரன் காதுகுத்து வந்துடும், இதை மறந்துடுவா.”

சலாம் இளகினார். வீடியோ கன்டெய்னரை நிறுத்தினார். பத்து நொடியில் எழுந்து நின்றது. மறுபடி நிறுத்தினார். மறுபடி எழுந்தது.

“என்ன பாய், நீங்க சொன்னா கேக்காதா?”

“நான் சொன்னதைத்தான்ண்ணா கேக்குது. போன வருஷம் சொன்னதை.”

காவல் கன்டெய்னரை முதலில் நிறுத்தினார், பிறகு வீடியோவை. மணி 2.25. எல்லப்பன் நிம்மதியாகப் பையிலிருந்து ஒரு செந்தூரா மாம்பழத்தை எடுத்து முகர்ந்தார்.

2.28க்கு துபாயிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவருடைய கல்யாணத்தைக் காணவில்லை. அஞ்செட்டியிலிருந்து ஒரு மாமியார். மருமகள் நகையை எண்ணிக்கொண்டிருந்தபோது நின்றுவிட்டதாம், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டுமாம். பிறகு கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர். சலாம் மூன்று பாஷையிலும் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்தது பூவம்மாள். பதற்றத்தில் ஸ்பீக்கர் அழுந்திவிட்டது.

“பாய், படம் நின்னுடுச்சு. எங்க வீட்டுக்காரர் வாயைத் தொறந்த இடத்துல.”

“இதோ சரி பண்ணிடறேன்க்கா.”

“அவசரமில்ல. ஓடியிருந்தா கவனிச்சே இருக்க மாட்டேன், பாத்திரம் கழுவப் போயிட்டேன். வந்து பாத்தா அப்படியே நிக்குது. நிதானமா எண்ணினேன். இலையில மூணு, கையில ஒண்ணு. அவரு அங்கதானே இருக்காரு?”

எல்லப்பன் இரண்டு கையையும் ஆட்டினார்.

“இல்லையேக்கா.”

“சரி. அப்போ அவரு கொண்டுவராத பையில ஆறு பழம் இருக்கும். ஆறையும் நீங்களே வெச்சுக்கங்க. ஒண்ணுகூட அவரு கையில குடுக்காதீங்க.”

எல்லப்பன் முகர்ந்த பழத்தைப் பைக்குள் திரும்ப வைத்தார். சலாம் காவல் கன்டெய்னரை ஓடவிட்டார். பத்து நொடியில் 212 கல்யாணங்களும் எழுந்து நின்றன, ஜாங்கிரி உட்பட.

காதுகுத்து வரும் 22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காவேரிப்பட்டணத்தில். வீடியோவுக்கு சலாமையே பேசிவிட்டார் பூவம்மாள். இரண்டு கேமரா: ஒன்று குழந்தைக்கு, இன்னொன்று எல்லப்பன் இலைக்கு.