வில்லங்கம் வளர்த்த ஓடக்காரி

பேருந்தில் யாராவது மெதுவான குரலில் சண்டை போட்டால், அவள் தன் நிறுத்தத்தில் இறங்குவதில்லை. கத்துகிறவர்களால் அவளுக்குப் பயனில்லை. கத்துகிறவர் இறங்கும்போது கோபமும் கூடவே இறங்கிப் போய்விடும். பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துப் புன்னகையோடு, "பரவாயில்லைங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று பல்லைக் கடிக்கிறாரே, அவர்தான் வேண்டும். அவர் இறங்கும்வரை இவளும் இறங்க மாட்டாள். பிறகு இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்து, தாமதமாக அலுவலகத்துக்குள் நுழைந்து, "இன்னிக்கு நல்ல சரக்கு கிடைச்சுது" என்று சொல்லிக்கொண்டே உட்காருவாள்.

கணினி விளையாட்டுகள் செய்யும் நிறுவனம் அது. மந்திரம், வாள், பறக்கும் மிருகங்கள் என்று மாய உலகம் ஒன்றைப் பல வருடங்களாக வளர்த்து வருகிறார்கள். அந்த உலகத்துக்குக் கெட்டவர்களைச் செய்து கொடுப்பது அவள் வேலை. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் வீட்டுக்காரர் ஒருவர் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது, "கெட்டவங்கள வளர்க்கறேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். வீடு கிடைக்கவில்லை. அலுவலகத்தில் அவளுக்கு 'வில்லங்கம்' என்று பெயர். வில்லன்களைச் செய்வதால் வந்த பெயர் அது. குணத்தால் வந்திருக்கவே முடியாது. காபியில் சர்க்கரை போட மறந்து கொடுத்தால் அப்படியே குடித்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற ஆள். கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் மாமியாரைத்தான் அனுப்புவாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது விளையாட்டில் ஏற்கெனவே ஒரு வில்லன் இருந்தான். கொம்பு, சிவந்த கண், எரிமலைமேல் சிம்மாசனம். மூச்சு விடும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சிரிப்பான். ஆட வந்தவர்கள் அவனைக் கொன்றார்கள், மறுநாளே மறந்தார்கள். "சிரிக்கிறவன் ஏற்கெனவே ஜெயிச்சவன். ஜெயிச்சவனுக்குக் கதை எதுக்கு?" என்பது அவள் கட்சி. அடுத்து வந்தவனை அவளிடம் கொடுத்தார்கள். ஒரு வைத்தியனைச் செய்தாள். சரியான மருந்தைத்தான் கொடுப்பான். எப்போதும் பாதி அளவு கொடுப்பான். நோயாளி பிழைப்பான், ஆனால் வந்துகொண்டே இருப்பான். அவன்தான் நாட்டைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று ஆடுகிறவர்களுக்கு உறைப்பதற்குள் அடுத்த பாகமே வந்துவிட்டது.

மூன்றாமவன் ஆடுகிறவரின் கூடவே நடந்த தோழன். நல்ல வாள் கிடைத்தால் எல்லோரும் தாங்கள் வைத்துக்கொண்டு, உடைந்ததை அவனிடம் தள்ளிவிடுவார்கள். அந்தக் கணக்கை விளையாட்டு ஞாபகம் வைத்திருக்கும்படி அவள் செய்திருந்தாள். கடைசியில் எதிரியாக வந்து நின்றவன், அவரவர் கொடுத்த உடைசல் வாளோடு வந்து நின்றான். அவனை வெட்ட மனமில்லாமல் விளையாட்டை அணைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒருவர், 'உங்களுக்கு நல்ல சாவே வராது' என்று எழுதியிருந்தார். அதை அச்செடுத்துத் தன் மேசைக்கு எதிரில் ஒட்டிக்கொண்டாள்.

"வில்லன வெளியில இருந்து கூட்டிட்டு வரக்கூடாது. உள்ளயே இருந்திருக்கணும். நாமதான் பாக்காம விட்டிருக்கணும்" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வாள். வில்லன் காலையில் எழுந்ததும் என்ன செய்வான் என்று முடிவு செய்யாமல் ஒரு வரி எழுத மாட்டாள். பல் தேய்க்காத வில்லனை அவள் நம்புவதில்லை. எழுத்து ஓடவில்லையென்றால் அக்கம்பக்கத்தாரின் விசைப்பலகைகளை வாங்கித் துடைக்கத் தொடங்குவாள். எல்லோருடையதும் பளபளவென்று இருந்தால், அடுத்த வில்லன் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

நான்காவது ஆள் ஒரு பிழையிலிருந்து பிறந்தாள்.

விளையாட்டின் முதல் ஊரில் ஓர் ஆறு. அக்கரைக்குக் கொண்டுவிட ஓடக்காரி ஒருத்தி. ஓடத்தைத் தள்ளிவிடும்போது, "போயிட்டு வா" என்பாள். அவ்வளவுதான் அவள் வசனம். நிறுவனம் சின்னதாக இருந்த காலத்தில் குரல் கொடுக்க ஆள் பிடிக்க வழியில்லாமல், வில்லங்கம் தன் மாமியாரை அழைத்து வந்து பேச வைத்தாள். பேருந்து நிலையத்தில் வண்டிகள் புறப்படுவதை ஒலிபெருக்கியில் அறிவித்தே ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் குரலுக்கு ஒரு தனிக் குணம். ஆயிரம் பேருக்குச் சொன்னாலும் நமக்கு மட்டும் சொல்வது போலிருக்கும். ஆடுகிறவர்கள் ஓடக்காரிக்குப் 'படகம்மா' என்று பெயர் வைத்து, பரீட்சைக்குப் போகும் முன் அவள் குரலைக் கேட்டுவிட்டுப் போகும் அளவுக்குப் போய்விட்டார்கள்.

ஒருமுறை ஓடத்தின் வேகத்தைக் கூட்டினார்கள். குரலைச் சரிபார்க்க மறந்தார்கள். வசனம் முடிவதற்குள் ஓடம் கிளம்பிவிட, படகம்மா "போ" என்பதோடு நின்றுவிட்டாள். அன்று வந்து குவிந்த புகார்களைப் பார்க்க வேண்டுமே. ஆட்டம் நின்றுபோனால்கூட இவ்வளவு வராது. 'படகம்மாவுக்கு என்மேல் என்ன கோபம்?' 'நான் என்ன தப்பு செய்தேன்?' ஒரு பெரியவர், காலையில் கிளம்பும்போது இப்படிக் கேட்க நேர்ந்ததால் அன்று முழுக்க வெளியே போகவில்லை என்று எழுதியிருந்தார். சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள். வில்லங்கம் மட்டும் அந்தப் புகார்களை ஒன்று விடாமல் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் விசைப்பலகையையும் தொடவில்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள்: படகம்மா "வா" என்று சொல்லி அனுப்பியவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள்? தேடிப் பார்த்ததில் அநேகமாக யாருமே போகவில்லை. போக வேண்டிய வேலையே இல்லை. அக்கரையில் அரண்மனைகள் இருந்தன, புதையல் இருந்தது. இக்கரையில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

அன்றிலிருந்து வில்லங்கம் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். ஒரு பாகத்தில் கரையிலிருந்த விளக்கு போயிற்று. இன்னொன்றில் படகம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள். யாரும் கவனிக்கவில்லை, கவனிக்காததுதான் வில்லங்கத்துக்கு வேண்டியிருந்தது. இப்போது வரப்போகிற பாகத்தில் படகம்மாதான் எதிரி. யாரைப் பார்த்து "போ" என்று மட்டும் சொல்கிறாளோ, அவருக்கு ஊர் திரும்பும் வழி அடைபட்டுப்போகும். கத்தி இல்லை, நெருப்பு இல்லை. ஒரு சொல்லை முழுங்கிவிடுவதுதான் அவள் செய்யும் கொடுமை.

கதையைக் கேட்ட குழுத் தலைவர் கைபேசியை எடுத்தார். தன் அம்மாவிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எல்லாம் கூடி வந்தது. மாமியார்தான் பேச மறுத்தார்.

வசனத் தாளை அவர் எப்போதும் பென்சிலோடுதான் படிப்பார். மூச்சு விட வேண்டிய இடத்தில் சின்னக் கோடு போடுவது நிலையத்துப் பழக்கம். அன்று சமையலறை மேசையில் உட்கார்ந்து, கோடு போட்டுக்கொண்டே வந்தவர், கடைசிப் பக்கத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். தான் யாரையும் அப்படி அனுப்பியதில்லை என்றார். கதைதானே அத்தை என்றாள் மருமகள். கதைக்கும் வாய் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அதனால் பயப்படுகிறார் என்று வில்லங்கம் நினைத்துக்கொண்டாள். மகன் என்றால் அவள் கணவன்தான். வேலைக்கென்று போனவன். முதலில் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தான், பிறகு ஒன்று விட்டு ஒன்றுக்கு வந்தான், அப்புறம் விடுமுறையே கிடைக்காத அளவுக்கு முக்கியமான ஆளாகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான். வீட்டில் இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஒருத்தி காய் நறுக்குவாள், இன்னொருத்தி துணி மடிப்பாள், பேச்சு வேறு எங்கேயாவது போகும்.

அலுவலகத்தில் குழுத் தலைவர் சுலபமான வழி சொன்னார். பழைய பதிவு இருக்கிறது. "போயிட்டு வா"விலிருந்து "போ"வை வெட்டி எடுத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக்காரர் வெட்டியும் காட்டினார். அன்று பிழையாக ஒலித்தது ஆற்றுச் சத்தத்தோடு சேர்ந்து ஒலித்தது. இப்போது அமைதியில் தனியாகக் கேட்டபோது வில்லங்கம் தலையை ஆட்டினாள். "வேணாம். இதுல அந்த 'வா' இன்னும் உயிரோட இருக்கு." ஒலிப்பதிவுக்காரர் மறுபடி போட்டுக் கேட்டுவிட்டு, ஆமாம் என்றார். வேறு ஆளை வைத்துப் பேசவைத்தால் அது படகம்மா ஆகாது. மாமியார் பேசினால்தான் உண்டு. இல்லாவிட்டால் இத்தனை வருடம் வளர்த்தவளை அப்படியே ஆற்றில் விட வேண்டியதுதான்.

அன்று மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் மறுபடியும் போய் நின்றாள். உங்கள் மகனுக்கு ஒன்றும் ஆகாது அத்தை, இது அவரைப் பற்றியது இல்லை என்று தொடங்கினாள். மாமியார் கையிலிருந்த துண்டை மடித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எனக்கு பயமெல்லாம் இல்ல. இவ நான் இல்ல, அதான் பேச வரல."

"உங்கள நெனச்சுத்தான் அத்தை எழுதினேன்."

"அப்படித்தான் நெனச்சுட்டிருக்க. அவன் என் பையன். வரலைன்னா திட்டுவேன், அழுவேன், அப்புறமும் வான்னுதான் சொல்லுவேன். பெத்தவளுக்கு அந்த 'வா'வ முழுங்க வராது. இந்த ஓடக்காரி பெத்தவ இல்ல, காத்திருந்தவ. இது உன் கோபம். அத ஏன் என் வாய்ல வெக்கற?"

 எத்தனையோ கெட்டவர்களுக்கு வாய் கொடுத்தவள், தான் எழுதிய பக்கங்களை எடுத்துக்கொண்டு போய் முதலிலிருந்து படித்தாள். விளக்கை அணைத்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லாவற்றையும் படித்தாள். பேருந்தில் யார் யாருடைய கோபத்தையோ பொறுக்கி வந்ததாக நினைத்திருந்தாள். பொறுக்கியதெல்லாம் ஒரே மாதிரிக் கோபம்தான் என்பது இப்போது தெரிந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. கோபம் வந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவன் கூப்பிட்டான். அங்கே வானிலை எப்படி, இங்கே உடம்பு எப்படி என்று வழக்கமான விசாரணைகள் முடிந்தன. இந்த விடுமுறைக்கும் வர முடியாது போலிருக்கிறது, அடுத்ததற்குப் பார்க்கலாம் என்றான். வழக்கமாக அவள், "சரி, முடிஞ்சப்ப வாங்க" என்பாள். மாமியார் அதே அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சரி. அங்கேயே இருந்துக்குங்க," என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. மரியாதையும் குறையவில்லை.  என்ன சொன்னாய் என்று அவன் கேட்டான். அவள் இன்னொரு முறையும் அதையே, அதே மாதிரி சொன்னாள். கைபேசியை வைத்தாள். மாமியார் காய் நறுக்குவதை நிறுத்தியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மிச்சத்தையும் நறுக்கி முடித்தார்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "பதிவு எத்தன மணிக்கு?" என்றார். ஒலிக்கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தாளைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக மருமகளைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"போ."

ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, இன்னொரு முறை எடுக்க வேண்டாம் என்றார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதுவும் வரப்போவதில்லை என்பது கேட்டவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. குழுத் தலைவர் தேநீர் வரவழைத்தார். மாமியார் பாதி குடித்துவிட்டு, பேருந்தில் போய்க்கொள்கிறேன் என்று புறப்பட்டார்.

சாயங்காலம் வில்லங்கம் வீட்டுக்கு வந்தபோது படுக்கையறை அலமாரி திறந்து கிடந்தது. அதில் பாதி அவள் கணவனுடையது. அவன் போனதிலிருந்து அந்தப் பாதியை யாரும் தொட்டதில்லை. இடம் போதாமல் அவள் துணிகள் ஒரு நாற்காலியில் மலையாகக் குவிந்து கிடக்கும். மாமியார் மகனின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன, கை நிற்கவில்லை. கடைசிச் சட்டையையும் வைத்துப் பெட்டியை மூடி, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு நாற்காலியில் கிடந்த மருமகளின் துணிகளை இரு கைகளாலும் அள்ளி, காலியான தட்டில் அடுக்கத் தொடங்கினார்.