ஆறாவது வளைவு

கெல்பரோ நகர மன்றத்தில் எனிட் ஸ்கோலி முப்பத்தொரு வருஷம் தரை கழுவினார். பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரியான நான் அதே கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்து, அதன் கல்லையும் தூணையும் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இருவரில் யாருக்கு அந்தக் கட்டடம் நன்றாகத் தெரியும் என்று அப்போது கேட்டிருந்தால், கொஞ்சமும் கூசாமல் நான்தான் என்று சொல்லியிருப்பேன்.

முகப்பில் பதினோரு படிகள். ஏறினால் நான்கு தூண்கள், பெரிய கதவு, சபை மண்டபம். படிகளுக்கு இருபுறமும் தெருமட்டத்தில் மும்மூன்று வளைவுகள் உண்டு, ஆறும் கல்லால் அடைத்தவை. கட்டும்போதே அழகுக்காக அப்படி அடைத்துக் கட்டினார்கள் என்று மன்றத்தில் விற்கும் வழிகாட்டி நூல் சொல்லும். அதை எழுதிய மேதை அடியேன்தான். எதை வைத்து எழுதினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எனிட்டின் கணவர் சிரில், மேயருக்கு முன்னால் வெள்ளித் தண்டு ஏந்திப் போகிறவராக இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். மே மாதம் புது மேயர் பதவியேற்கும் நாளில் முதலில் அந்தத் தண்டுதான் படியேறும். பின்னால் மேயர், அதற்கும் பின்னால் முன்னாள் மேயர்கள், முன்னாள் தண்டு ஏந்திகள். ஊரே சதுக்கத்தில் நின்று பார்க்கும். எனிட் அந்நேரம் பின்கட்டில் முந்நூறு பேருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் சிரிலுக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மன்றத்தில் லிஃப்ட் உண்டு. ஆனால் அதற்குப் போகும் வழி கொல்லைப்புறக் கதவு, மீன்கடைக் குப்பைத் தொட்டிகளை ஒட்டி. அந்த வழியாக வரமாட்டேன் என்று சிரில் இரண்டு மே மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு மன்றத்தின் மணியோசை கேட்காமல் இருக்கப் பார்த்தாராம்.

முன்பக்கம் ஒரு சாய்தளம் வேண்டும் என்று எனிட் மனுக் கொடுத்தார். முடியாது என்று நான் மூன்று பக்கம் பதில் எழுதினேன். அதில் 'வரலாற்றுச் சிறப்பு' ஏழு இடத்தில் வந்தது. மறுநாள் காலை அவர் வாளியும் கையுமாக என் அறைக்கு வந்து நின்றார்.

"தம்பி, நீ எழுதினதை சிரிலுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டாம் பக்கத்துலயே நல்லாத் தூங்கிட்டாரு."

"என் கையில ஒண்ணும் இல்ல, மிஸஸ் ஸ்கோலி. படியைத் தொடக்கூடாது. வளைவுச் சுவரும் கட்டினப்பவே வச்சது, அதையும் தொடக்கூடாது."

"யாரு சொன்னா?"

"புத்தகத்துல இருக்கு."

"அதை எழுதின மகராசன் என்னைக்காவது என் வாளி அறைக்கு வந்திருக்கானா? எந்திரி, வா."

வாளி அறை ஆறாவது வளைவுக்கு உட்புறம் இருந்தது. சத்தியமாக நான் அதற்குள் போனதே இல்லை. அவர் ஒரு அலமாரியை இடுப்பால் தள்ளி நகர்த்திவிட்டு, அரை வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது பரவவில்லை. ஒரு கல்லின் நடுவில் தேங்கி, மெதுவாகச் சுவருக்கு அடியில் போய் மறைந்தது.

"கல்லு நடுவுல குழிஞ்சிருக்கு, பாத்தியா? முட்டி போட்டுத் தேய்க்கிறவளுக்குத்தான் இது தெரியும். குழி சுவத்துக்கு அடியிலயும் போவுது. சுவத்தை ஊடுருவிக்கிட்டு யாரு நடந்தா, பேயா?"

நானும் முட்டி போட்டேன். சுவருக்கும் கல்லுக்கும் இடையில் விரல் நுழைந்தது. குழிவு உள்ளே தொடர்ந்தது. தலைமுறை தலைமுறையாக மனிதக் கால்கள் தேய்த்த வாசற்கல் அது. கீழ்த்தளம் திறந்தவெளிச் சந்தையாக இருந்திருக்கிறது, சுவர் பிறகு வந்திருக்கிறது. என் வழிகாட்டி நூல் சொன்னது பொய்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா? தண்ணி அதுபாட்டுக்கு வடிஞ்சுச்சு. எனக்கு வேலை மிச்சம்."

மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்து இரண்டு கல்லைப் பெயர்த்துப் பார்த்தார். பின்னால் இருந்தது பிற்காலத்து வெறும் செங்கல். அந்த வளைவில் கதவு வைக்கலாம் என்று உத்தரவு வந்தது; தெருமட்டத்திலேயே நுழைந்து உள்ளே லிஃப்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஜூனில்தான் வேலை முடியும். செய்தி சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போனவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இந்த மே மட்டும் கொல்லைப்புறமாக வந்துவிடலாமே என்றேன்.

சிரில் மேஜையைத் தட்டினார். "குப்பைத் தொட்டிய உரசிக்கிட்டா? தண்டு ஏந்தி முன்வாசல்ல போனவன்யா நான்! மனுஷன் போற வழியா அது?"

எனிட் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கெண்டியைக் கீழே வைக்கவில்லை.

"முப்பது வருஷத்துக்கு மேல நான் அந்த வழியாத்தானே போறேன், சிரில்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சிரில் தட்டின கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். துப்புரவுப் பணியாளர்கள் கொல்லைப்புறக் கதவைப் பயன்படுத்தவும் என்ற பலகையை மாட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்த மேயிலும் சிரில் வரவில்லை. அடுத்த மே மாதத்துக்குள் கதவு வந்துவிட்டது, எனிட்டும் ஓய்வு பெற்றிருந்தார். தண்டும் மேயரும் படியேறும் அதே நேரத்தில், நீலத் தொப்பியில் எனிட் நாற்காலியை ஆறாவது வளைவுக்குத் தள்ளி வந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசற்கல்லருகே சிரில் பிரேக்கை இழுத்துவிட்டார்.

"என்னய்யா, சக்கரம் மாட்டிக்கிச்சா?"

"இல்ல. நீ முன்னாடி போ."

"நான் போயிட்டா உன்னை யாரு தள்றது?"

"இவன் தள்ளட்டும். புத்தகம் எழுதுற கைதானே, கொஞ்சம் வேலை செய்யட்டும். போ, எனிட்."

சதுக்கத்தில் கைதட்டல் மேயருக்காக நடந்துகொண்டிருந்தது. எனிட் குனிந்து செருப்பின் அடியைப் பார்த்தார், மண் இருக்கிறதா என்று. கால்மிதியில் இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்தார். தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய அந்தக் குழிந்த கல்லில் கால் வைத்து, முன்பக்கமாக உள்ளே போனார்.

அவர் முழுதாகப் போய்ச் சேரும் வரை சிரில் பிரேக்கை விடவில்லை.