அன்னத்தாய் சொன்ன இடம்

உத்தமபாளையம் ஆற்றங்கரைத் தெருவில் குடியிருந்த அன்னத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். ஓடைப்பட்டியில் அலி அக்பர் ராவுத்தரின் திராட்சைத் தோட்டத்துக்குக் கொடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனால், கத்தரியைவிட வாய்தான் வேகமாக ஓடும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தாயகம் திரும்பியோர் கணக்கில் கப்பலேறி வந்தவள். தம்பி பேச்சிமுத்து வர மறுத்துவிட்டான். கலவரத்துக்குப் பயந்து மலையைவிட்டு இறங்கி, வன்னியில் காடு திருத்திக் குடியேறினான்.

2009 ஜனவரியில் அவனிடமிருந்து போன் வந்தது. சண்டை வாசலுக்கே வந்துவிட்டதாம். ஜனங்கள் போய்ச் சேர ஓரிடத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறதாம்.

"அங்க போகவா, காட்டுக்குள்ள ஒளியவா? நீ சொல்லுக்கா."

அன்னத்தாய் ராவுத்தர் மகள் முபீனாவிடம் ஓடினாள். முபீனா கோர்ட்டில் வக்கீல்.

"நம்பிப் போகச் சொல்லுக்கா. அந்த மாதிரி எடத்துல குண்டு போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சனத்தக் கூட்டமா அழிக்கப் போறாகன்னு தெரிஞ்சா, மத்த நாடுகளும் பாத்துக்கிட்டு நிக்க முடியாது, தடுத்தே ஆகணும். அப்படித்தான் கையெழுத்துப் போட்டுருக்காக."

அன்னத்தாய்க்கு அது போதும். முல்லையாற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் தாலுகா ஆபீஸ் ஜீப் வந்து மைக்கில் சொல்லும். சொன்ன பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களைத்தான் ஆறு கொண்டுபோனது. மறுநாள் தம்பி கூப்பிட்டபோது உத்தரவே போட்டாள்: "கவருமெண்டு சொன்ன எடத்துக்கே போடா. அந்த எடத்த விட்டு அசையாத."

அந்த இடத்திலேயே குண்டு விழுந்தது. டிவியில் பார்த்துவிட்டு, "தடுக்க எப்பத் தாயி வருவாக?" என்று முபீனாவை அன்றாடம் கேட்டாள். முபீனாவும் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டைப் புறக்கணித்து மற்ற வக்கீல்களோடு ரோட்டில் உட்கார்ந்தாள், தந்தி மேல் தந்தி அடித்தாள். நாடுகள் கவலை தெரிவித்தன. கவலை தெரிவிப்பதில் மட்டும் பாவிகள் குறை வைக்கவில்லை.

மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. கம்பி வேலி போட்ட அகதி முகாமிலிருந்து பேச்சிமுத்துவின் மகள் பேசினாள். வேறெங்காவது ஓடிவிடலாம் என்று அவள் கெஞ்சியபோதெல்லாம், "எங்கக்கா இங்கதான் இருக்கச் சொன்னா" என்று அப்பா மறுத்துவிட்டாராம். அவரையும் அம்மாவையும் அங்கேயே புதைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

சேதி தெரிந்து முபீனா வந்தாள். அன்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் பொய் சொல்லலக்கா. சட்டம் இருக்கு."

"அதுல நம்ம நாடும் கையெழுத்துப் போட்டுருக்கா?"

"போட்டுருக்குக்கா."

அன்னத்தாய் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"நான் சொன்னேன்னு அவன் போனான். நீ சொன்னியேன்னு நான் சொன்னேன். அந்தச் சட்டத்த நம்புன்னு ஒனக்குச் சொன்னது யாரு தாயி?"