தலையணைக்குள் இருந்த அப்பாவின் கடிதங்கள்

தேங்காய் எண்ணெய் ஊறிய பழைய தலையணை எரிந்தால் ஒரு வாடை வரும் பாருங்கள்... மூக்கை விட்டுப் போக இரண்டு நாளாகும்.

அப்போது எனக்குப் பத்து வயது. மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட். போகியன்று லயத்து வாசலில் பழையதை எல்லாம் குவித்துக் கொளுத்துவோம். அம்மா பால்மரம் வெட்டப் போயிருந்தார். நல்ல பெயர் வாங்கலாமே என்று வீட்டைக் கூட்டி, கிழிந்து கிடந்த அம்மாவின் தலையணையைத் தூக்கி நெருப்பில் போட்டேன். பெரிய கெட்டிக்காரி!

அதற்குள்தான் அப்பாவின் கடிதங்களை அம்மா ஒளித்து வைத்திருந்தார். எனக்குத் தெரியாது.

அப்பா ராணுவத்தில் இருந்தார். தாய்லாந்து எல்லைக் காட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டு மாதமாகக் கடிதமே இல்லை.

"தலகாணி எங்கடி?"

"எரிச்சிட்டேம்மா..."

அம்மா அடிக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த மனுசன் திரும்பி வரலன்னா எங்கிட்ட என்னாடி இருக்கு?"

நாலு அடி அடித்திருந்தால் தேவலை.

கடவுள் புண்ணியம், அப்பா திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஆளே முழுசா வந்துட்டேன், இனிமே கடுதாசி எதுக்குலா?"

போன வருஷம் அப்பா தவறிவிட்டார். ரவாங்கில் என் வீட்டில் இருக்கும் அம்மா, "அந்தக் கடுதாசியாவது இருந்திருக்கலாம்" என்று அவ்வப்போது சொல்வார். என்னைக் குத்திக்காட்டச் சொல்வதில்லை. ஆனாலும் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் அப்பாவின் பச்சை ராணுவப் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்தால்... என் கையெழுத்து!

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவின் கடிதங்களைப் படித்துக் காட்டியவளும், அம்மா சொல்லச் சொல்லப் பதில் எழுதியவளும் நான்தான். காட்டுக்குப் போகும் தபால் பாதி தொலைந்துவிடும். அதனால் எது எது வந்து சேர்ந்தது என்று அப்பாவுக்குத் தெரியட்டும் என, அவர் எழுதியதை முதலில் ஒன்றுவிடாமல் திருப்பி எழுத வைப்பார் அம்மா.

'அட்டை காலில் ஏறி ரத்தம் குடிக்கிறது என்று எழுதியது கிடைத்தது. மூன்று நாளாக மழையில் தூங்கவில்லை என்று எழுதியது கிடைத்தது. கண்ணை மூடினால் என் முகம்தான் தெரிகிறது என்று நீங்கள் எழுதியது கிடைத்தது.'

பத்து வயதில் இதையெல்லாம் நானா எழுதினேன்!

அப்பாடா... அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பா எழுதியது எதுவும் எரியவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் சுமந்த பாரம் இறங்கியது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்பது தாண்டிய மனுஷி, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வெட்கப்படுகிறார்!

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிடி."

ஐந்து தடவை படித்தேன்.

அந்தக் காலத்தில் ஒரு கடிதத்துக்கு எவ்வளவு மரியாதை! ஜொகூரில் வேலை பார்க்கும் என் மகன் வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று, 'மா, லேசா காய்ச்சல், மருந்து சாப்பிட்டேன்' என்று அனுப்பினான். நிதானமாக உட்கார்ந்து பதில் எழுதினேன். 'லேசாகக் காய்ச்சல், மருந்து சாப்பிட்டேன் என்று நீ எழுதியது கிடைத்தது.'

அடுத்த நிமிஷம் போன் அடித்தது.

"மா... நீங்க ஓகேவா?"