ஐந்து வீட்டுச் சாவிகள்

நல்லூரில் சைக்கிளுக்குக் காற்றடிக்க இறங்குகிறேன். பக்கத்து ஓலைக் கொட்டிலில் ஆங்கில டியூசன் நடக்கிறது. கரும்பலகையில் 'லுக் ஆஃப்டர்' என்றும், அருகில் 'பராமரித்தல்' என்றும் எழுதியிருக்கிறது. புத்தகத்து உதாரணத்தில் தாய் குழந்தையைப் பராமரிக்கிறாள். பிள்ளைகள் தாமே எழுதி வாசிக்கும் வாக்கியங்களிலோ ஒரு குழந்தைகூட இல்லை. ஒருத்தி கனடா மாமாவின் வீட்டைப் பராமரிக்கிறாள். இன்னொருவன் லண்டன் சித்தியின் வீட்டை.

வகுப்பு முடிந்து வாசலுக்கு வரும் மாஸ்டரின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து.

"நானும் அஞ்சு வீடு பாக்கிறன், தம்பி. வெள்ளிக்கிழமையிலை எல்லாத்திலையும் விளக்கு வைக்கவேணும். ஒருத்தர் கிழமைக்கு ஒருக்கா பிரிஜ்ஜைப் போட்டுவிடச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார்."

யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் நின்று வருடங்களாகின்றன.

"பதில் போட்டியளே?"

"ஓம். பிரிஜ் நல்லா ஓடுதெண்டு எழுதினன். அந்த மனுசனும் அங்கை நித்திரை கொள்ளவேணுமெல்லோ."

"உங்கடை சொந்த வீடு, மாஸ்டர்?"

கொத்திலிருந்து துருப்பிடித்த சாவி ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறார்.

"அது ஆமிக் காம்பின்ரை வேலிக்குள்ளை போயிட்டுது. இப்ப அவங்கள்தான் பாக்கிறாங்கள். வெள்ளிக்கிழமையிலை விளக்கு வைக்கிறாங்களோ தெரியாது."