மிளகுக் கிடங்கில் வெள்ளை பேஸ்ட்

என் மனைவி மறைந்து இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. அவளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அவளுடைய பொறுமையையும் கைமணத்தையும் குறிப்பிடுகிறார்கள். இரண்டும் உண்மையல்ல. அவள் பொறுமை குறைந்தவள். சமையலில் அவளுக்குப் பெரிய அக்கறை இருந்ததில்லை. அவள் கணினி பழுது பார்த்தவள். அதைச் சரியாகச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

நாங்கள் இருவரும் இயற்பியலில் ஒரே பட்டம் பெற்றவர்கள். நான் கல்லூரியில் கற்பித்தேன். அவள் தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் முன்னறையிலேயே தொழிலைத் தொடங்கினாள். கொச்சங்காடியில் கிடங்கு வைத்திருந்த குஜராத்தி மிளகு வியாபாரி ஒருவர்தான் அவளுடைய முதல் பெரிய வாடிக்கையாளர். கடைத்தெருவின் மற்றவர்கள் அவரைப் பார்த்துத்தான் அவளிடம் வந்தார்கள். அவர் விலகினால் அவர்களும் விலகுவார்கள் என்பதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

இரண்டாயிரத்தைத் தாண்டிய ஒரு மீனமாதக் கோடையில், அதாவது பங்குனியில், அவர் அலுவலகக் கணினிகள் பிற்பகல்களில் சூடேறித் தாமாகவே அணையத் தொடங்கின. ஏற்றுமதித் தாள்கள் அச்சாக வேண்டிய நேரம் அது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த வியாபாரியின் தம்பி, ப்ராசஸருக்கும், அதன் மேல் அமர்ந்து சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் இடையில் பூசுகிற பேஸ்ட் ஒன்றை ஊசிக்குழலில் கொண்டுவந்திருந்தார். வெள்ளித் துகள் கலந்தது. அவரே ஒரு கணினியைத் திறந்து பூசியும்விட்டார். அது மற்றவற்றைவிட விரைவாக அணைந்தது. பழி அவளைச் சேர்ந்தது.

அவள் அழைக்கப்பட்டபோது நானும் உடன் சென்றேன். அண்ணனும் தம்பியும் பேசியது மட்டாஞ்சேரி மலையாளம். நினைவில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்.

"ரேடியோக் கடையில் விற்கிற வெள்ளை பேஸ்ட்டை சேச்சி எல்லா மிஷினிலும் தடவி வைத்திருக்கிறார். பின்னே எப்படி ஓடும்?" என்றார் தம்பி. "இது வெள்ளியாக்கும்."

"வெள்ளின்னா கொலுசு பண்ணிக்கலாம்" என்றாள் அவள்.

வியாபாரி கையை உயர்த்தினார். "பென், சண்டை வேண்டாம்." குஜராத்தியில் சகோதரி என்று பொருள்; அவளை அவர் எப்போதும் அப்படித்தான் அழைத்தார். "திங்கட்கிழமை எறணாகுளத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வருகிறான். எல்லா மிஷினையும் அவனே பார்த்துக்கொள்கிறானாம். உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குள் காட்டு."

அவள் தம்பி பூசிய கணினியைத் திறந்தாள். ஹீட்சிங்கைக் கழற்றியதும் சாம்பல் நிறக் குழம்பு நூல் விட்டது. அதனடியில், அவள் முன்பு பூசிய வெள்ளை துடைக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"என்ன இது, சுவாமிக்குச் சந்தனக் காப்பா?"

"நிறையப் போட்டால் நிறையக் குளிரும்" என்றார் தம்பி.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, இவருக்கு நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?"

"நீயே சொல்லு."

அந்தச் சந்தையில் மிளகின் தரத்தை லிட்டர் எடையால் மதிப்பார்கள்: ஒரு லிட்டர் பாத்திரத்தில் மிளகை நிரப்பி நிறுப்பார்கள். அவள் அந்தப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, விளிம்பு வரை மிளகை நிரப்பி, வியாபாரியின் முன் வைத்தாள்.

"நிறைஞ்சிருக்கா?"

"மணிக்கு நடுவே காற்று இருக்குமே. எனக்கே மிளகு கற்றுத் தருகிறாயா, பென்?"

"அந்தக் காத்துதான் இங்கேயும் வில்லன்" என்று சொல்லிவிட்டு, மிளகுத் தூளைச் சிறிது தூவிப் பாத்திரத்தைக் குலுக்கினாள். தூள் இடுக்குகளில் இறங்கி மறைந்தது. மேலும் மேலும் கொட்டினாள். அது குவியலாக மேலே நின்றது. ப்ராசஸரும் ஹீட்சிங்கும் தொடும் பரப்புகள் பார்வைக்குக் கண்ணாடி போல இருந்தாலும் உண்மையில் மேடும் பள்ளமும்தான் என்றாள். "பள்ளத்துக்குள்ளே போறது வெப்பத்தைக் கடத்தும். மேலே குவியறது குறுக்கே நிக்கும். வெள்ளியானாலும் சரி, வெள்ளையானாலும் சரி."

அத்துடன் அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாதிரியைக் காணாமல் எவரும் சரக்கை வாங்காத இடம் அது. ஒரே வகைக் கணினிகள் இரண்டில் விசிறியை அடைத்திருந்த மிளகுத் தூசியை நீக்கி, பழைய பூச்சைத் துடைத்து, ஒன்றில் வெள்ளையும் மற்றதில் வெள்ளியும் மெல்லியதாகப் பூசினாள். கதவையும் சன்னலையும் சாத்தி, இரண்டையும் பிற்பகல் முழுவதும் ஓடவிட்டாள். இரண்டுமே அணையவில்லை. திரையில் வெப்பநிலையை வியாபாரியே வாசித்தார். வெள்ளி பூசியதில் சூடு சற்றுக் குறைவு. தம்பி வாயைத் திறப்பதற்கு முன் அவளே சொன்னாள்.

"வெள்ளி கொஞ்சம் நன்னாத்தான் இருக்கு. ஆனா நான் வெள்ளைதான் போடுவேன்."

"ஏன்?"

ப்ராசஸரைச் சுற்றி மூடியில்லாமல் கிடந்த சிறு பாகங்களைச் சுட்டினாள். வெள்ளி கலந்தது அவற்றின் மேல் வழிந்தால் மின்சாரம் தடம் மாறக்கூடும். வெள்ளை வழிந்தாலும் கேடில்லை. "இங்கே காயல் ஈரமும் மிளகுத் தூசியும் ஓயாது. அடிக்கடி திறந்து துடைச்சுப் பூசணும். ஒருநாள் யார் கையாவது தவறும். கொஞ்சம் சூடா ஓடற மிஷின் வேணுமா, ஜில்லுனு செத்துப்போற மிஷின் வேணுமா?"

அட்டவணையில் எந்தப் பொருள் வெப்பத்தை அதிகம் கடத்துகிறது என்பதை நான் ஆண்டுதோறும் கற்பித்திருக்கிறேன். அந்த எண் எந்த அறையில், யாருடைய கைகளில் வேலை செய்யப் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒருத்தியை அன்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடன் அவ்வளவு காலம் வாழ்ந்தும், அப்படி நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

வியாபாரி பாத்திரத்திலிருந்து மிளகை அள்ளி விரல்களுக்கிடையே உதிரவிட்டார். விலை முடிவு செய்யும்போது அது அவருடைய வழக்கம்.

"வெள்ளையே போடு, பென்" என்றார். பிறகு தம்பியிடம், "நீ இதைத் திருப்பிக் கொண்டுபோய் ஒட்டகத்துக்குத் தடவு."

திங்கட்கிழமை வந்த எறணாகுளத்துக்காரருக்குச் சாயா மட்டும் கிடைத்தது. அன்றே பக்கத்துக் கிடங்கிலிருந்தும் அவளுக்கு ஆள் வந்தது. அவள் விறுவிறுவென முன்னே நடக்க, கருவிப் பையையும் தூசி ஊதும் இயந்திரத்தையும் சுமந்து நான் பின்னால் சென்றேன். எதிரே வந்த என் மாணவன் ஒருவன் சைக்கிளிலிருந்து இறங்கினான்.

"சாருக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேரும் தெரியுமோ?"

"தெரியாது. பை தூக்குவேன்."

அவன் சிரிக்கலாமா கூடாதா என்று விழித்தான். அதற்குள் தெருமுனையிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏன்னா, பாடமெல்லாம் காலேஜிலே வெச்சுக்கோங்கோ. வெயில் ஏறறது."

நான் நடையை எட்டிப் போட்டேன்.