மணி அடிக்காத மேசை

பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசவே கூசுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உளவியல் படித்தது என் மகள்தான். ஆனால் அதில் ஒரு பரீட்சையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் சேலம் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்தாள், விடுதியில் தங்கி. கடைசி வருடச் செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருவரும் வெளியாள் ஒருவரைக் கூட்டி வந்து சோதித்துக் காட்ட வேண்டுமாம். குமாரபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு போன் செய்தாள்.

"கண்ணாடியில பாத்துக்கிட்டே ஒரு நட்சத்திரத்தச் சுத்திக் கோடு இழுக்கணும். உன் கை தெரியாம அட்டை மறைச்சிருக்கும். அவ்ளோதாம்மா. இதுல மார்க் போச்சுன்னா மேல்படிப்பு சீட்டும் போச்சு. ஆனா நீ எதுவும் படிச்சுட்டு வர வேண்டாம்."

கடைசியாகச் சொன்னதுதான் என் வீட்டுக்காரருக்கு உறுத்தியது. அவர் லாரி டிரைவர்.

"படிக்காம வான்னு எந்தப் பரீட்சையில சொல்றாங்க? புள்ளைக்கு உம்மேல நம்பிக்கையில்ல. நீ கணக்குல வாங்குன மார்க்க யாரோ சொல்லிட்டாங்க."

"நீங்கதானுங்க சொன்னீங்க" என்றேன்.

லாரி அப்போது பட்டறையில் நின்றது. அதன் சைடு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அரிசி டின்னில் சாய்த்தார். பழைய காலண்டர் அட்டையை மறைப்பாக வைத்தார். நட்சத்திரமும் அவரே வரைந்தார். நான் பென்சிலைக் கீழே இழுக்க நினைத்தால் அது மேலே ஏறியது.

"ரிவர்ஸ் எடுக்கறேன்னு நெனச்சுக்க அம்மிணி. ஒடி, ஒடி, போதும். மெதுவா வா."

கோட்டைத் தாண்டினால் வாயாலேயே ஹாரன் அடிப்பார். பரீட்சை நெருங்க நெருங்க ஹாரன் குறைந்து, நின்றே போனது. மகளிடம் சொல்லவில்லை. நேரில் அசத்தலாம் என்று அவர் யோசனை.

தேர்வு நாளில் முதலில் ஜெபம். எல்லோரும் 'ஆமென்' சொன்னபோது நான் 'முருகா' என்றேன், மெதுவாகத்தான். பிறகு மேசைக்கு ஒரு மாணவி, எதிரே அவள் கூட்டி வந்த ஆள். முன்னால் கண்ணாடியும் மறைப்பு அட்டையும் வைத்த, பித்தளை நட்சத்திரம் பதித்த பெட்டி. பென்சிலுக்குப் பதில் ஒரு குச்சி. அது நட்சத்திரத்தின் ஓரத்தில் பட்டால் மணி அடிக்கும்.

மகள் முன்பின் தெரியாதவள் போல ஆரம்பித்தாள். "உங்க வயசு என்னங்க?"

"உனக்குத் தெரியாதா?"

"சொல்லுங்க" என்றாள், கண்ணை உருட்டி.

சுற்றிலும் ஐஸ் வண்டிகள் கூடி நின்றது போல ஒரே மணிச் சத்தம். எங்கள் மேசையில் மட்டும் சத்தமே இல்லை. மூன்று சுற்று முடித்துப் பெருமையாக நிமிர்ந்தேன். மகளின் முகம் வெளுத்திருந்தது.

விஷயம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. முதலில் நிறையத் தப்பு வர வேண்டும். சுற்றுக்குச் சுற்று அது குறைய வேண்டும். அந்த இறக்கத்தை வரைபடமாகப் போடுவதுதான் அவளுக்குப் பரீட்சை. தப்பே வராவிட்டால் அவள் எதை வரைவாள்?

தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த மேடம் அவள் தாளைப் பார்த்தார். வரிசையாகப் பூஜ்யம்.

"ஊட்லயே பழக்கிக் கூட்டிட்டு வந்தியா? அப்ப இந்தப் பரீட்சை செல்லாதும்மா."

பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கவே தயங்கும் நான் எழுந்து நின்றேன்.

"அவளுக்குத் தெரியாதுங்க. எங்க ஊட்டுக்காரருதான் பழக்குனாருங்க. லாரிக் கண்ணாடியில." மணிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஹாரன் அடிச்சு அடிச்சுப் பழக்குனாருங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன்.

"எந்தக் கையில பழகுனீங்க?"

"வலது கையிங்க."

"இடது கைக்கு?"

"அதுக்கு ஒண்ணும் சொல்லித் தரலீங்க."

"அப்ப இடது கையில செய்யட்டும்" என்று மகளிடம் திரும்பினார். "வலது கை பழகுனதுல இடது கைக்கு எவ்வளவு வந்திருக்குன்னு எழுது."

முதல் சுற்றில் மணி விடாமல் அடித்தது. அது அடிக்க அடிக்க மகளுக்கு முகம் தெளிந்தது. அடுத்த சுற்றில் குறைந்தது, அதற்கடுத்ததில் இன்னும் குறைந்தது. அவள் பென்சில் வேகமாக ஓடியது.

முடிவில் விதிப்படி ஒரு கேள்வி உண்டாம். "செய்யும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சுங்க?"

"பயமா இருந்துச்சுங்க" என்றேன், பெற்ற மகளிடம். அவள் அதை அப்படியே எழுதினாள். மேடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது செல்லும்" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் சைடு கண்ணாடியை லாரியில் திருப்பி மாட்டினார். நான் எப்போதும் போலத் தறிப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன்.